போர்க்கால ஆங்கிலத்தில் ஒரு குடும்பத்தின் கதையை வாசிப்பது எப்படி?

ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த ஒருவர் பழைய இரங்கல் குறிப்பு ஒன்றை என்னிடம் வாசித்துக் காட்டினார். அதன் கடைசி வரி 'ஹி ஈஸ் சர்வைவ்ட் பை ஹிஸ் வைஃப் அண்ட் டூ சன்ஸ்'. "மனைவியும் இரண்டு மகன்களும் சேர்ந்து அவரைப் பிழைக்க வைத்துவிட்டார்கள்" என்று அர்த்தம் சொன்னார். சர்வைவ் என்றால் பிழைப்பது என்று அவருக்குத் தெரியும், பை என்றால் 'ஆல்' என்பதும் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த வரி சொல்வது வேறு. அவர் போய்விட்டார், அவருக்குப் பின்னால் மனைவியும் இரண்டு மகன்களும் இருக்கிறார்கள்.

குடும்ப வரலாறும் போரும் கலந்து வரும் ஆங்கிலத்தில் இந்த மாதிரி இடங்கள் நிறைய. ஒவ்வொரு சொல்லும் நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் வரி புரியாது. அதைவிடச் சிக்கல், புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவோம். பல வருடங்களாக இந்த வகை ஆவணங்களை வாசித்ததில் ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. உறவுகளைச் சொல்வதில் தமிழ் நுணுக்கமானது, ஆங்கிலம் தாராளமாகக் கலந்துவிடும். போரில் ஒருவருக்கு என்ன ஆனது என்று சொல்வதில் ஆங்கிலம் நுணுக்கமானது, நாம் பேச்சில் எல்லாவற்றையும் 'போரில் செத்துப்போனார்' என்று ஒன்றாக்கிவிடுகிறோம். இந்த இரண்டு சரிவுகளையும் மனதில் வைத்துக்கொண்டு படித்தால் சொற்கள் தானாக இடத்தில் உட்காரும்.

முதலில் உறவுகள்

அங்கிள் என்ற ஒரே சொல்லுக்குள் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, அத்தையின் கணவர் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள் என்பது தெரிந்ததுதான். அதனால் ஒரு ஆங்கிலக் கடிதத்தில் 'அங்கிள்' என்று பார்த்தவுடன் உறவை முடிவு செய்யாதீர்கள். 'பெட்டர்னல்' என்ற அடைமொழி இருந்தால் அப்பா வழி, 'மெட்டர்னல்' இருந்தால் அம்மா வழி. அடைமொழி இல்லையென்றால் குடும்பப் பெயரைப் பார்க்க வேண்டும், அது பொருந்தவில்லை என்றால் அம்மா வழியாக இருக்கலாம் என்று ஒரு ஊகம் செய்யலாம், அதற்கு மேல் போக முடியாது.

தலைமுறைகளுக்கு 'கிராண்ட்' ஒருமுறைதான் வரும், அதற்குப் பிறகு 'கிரேட்' அடுக்கிக்கொண்டே போகும். கிராண்ட்ஃபாதர் தாத்தா, கிரேட்-கிராண்ட்ஃபாதர் கொள்ளுத்தாத்தா, இன்னொரு கிரேட் சேர்ந்தால் எள்ளுத்தாத்தா. கீழ்நோக்கியும் இதே கணக்குதான், கிரேட்-கிராண்ட்சன் கொள்ளுப்பேரன். தாத்தாவின் அண்ணனையோ தம்பியையோ கிரேட்-அங்கிள் என்பார்கள், சிலர் கிராண்ட்-அங்கிள் என்பார்கள், இரண்டும் ஒருவரே. கல்யாணமாகாமல் இளம் வயதிலேயே போரில் இறந்தவர்களைப் பற்றி எழுதும் வீட்டார் பெரும்பாலும் இந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டியிருக்கும், ஏனென்றால் அவர்களுக்கு நேர் வாரிசு இருக்காது, அண்ணன் தம்பி பேரப்பிள்ளைகள்தான் தேடிக்கொண்டு வருவார்கள்.

கசின் என்ற சொல்தான் எல்லோரையும் குழப்புவது. ஃபர்ஸ்ட் கசின், செகண்ட் கசின், அப்புறம் 'ஒன்ஸ் ரிமூவ்ட்' என்று ஒரு வால். ரிமூவ்ட் என்றால் நீக்கப்பட்டவர் அல்ல, தலைமுறை தள்ளியிருப்பவர். கணக்கு இப்படி: இருவருக்கும் தாத்தா பாட்டி பொது என்றால் ஃபர்ஸ்ட் கசின். கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி பொது என்றால் செகண்ட் கசின். இதில் இருவரும் ஒரே தலைமுறையில் நிற்க வேண்டும். ஒருவர் ஒரு படி மேலேயோ கீழேயோ நின்றால் 'ஒன்ஸ் ரிமூவ்ட்', இரண்டு படி என்றால் 'ட்வைஸ் ரிமூவ்ட்'. என் அப்பாவுக்குச் சித்தப்பா மகன் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். நான் அவரையும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். ஆங்கிலத்தில் அவர் எனக்கு ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட். என் சொந்தச் சித்தப்பா மகனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தால் அவளும் எனக்கு ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்தான். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவளுக்கும் ஒரே பெயர். அவளைப் பலர் செகண்ட் கசின் என்று எழுதிவிடுகிறார்கள், ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும்கூட. இன்னொன்று, 'கசின் பிரதர்', 'கசின் சிஸ்டர்' என்பவை இந்திய ஆங்கிலத்தில் பிறந்தவை. நமக்குப் புரியும், பிரிட்டனில் இருப்பவருக்குக் கடிதம் எழுதும்போது வெறும் கசின் போதும்.

ஆவணங்களுக்குள் போனால் வேறு சில சொற்கள் காத்திருக்கும். 'டைட் வித்அவுட் இஷ்யூ' என்று இருந்தால் பிரச்சினை இல்லாமல் இறந்தார் என்பதல்ல, பிள்ளை இல்லாமல் இறந்தார். இஷ்யூ என்பது அங்கே சந்ததி. 'ரெலிக்ட்' என்றால் விதவை. கல்யாணச் சான்றிதழில் 'ஸ்பின்ஸ்டர்' என்று இருந்தால் யாரையும் குறைத்துச் சொல்வது அல்ல, அதுவரை மணமாகாத பெண் என்ற பதிவு மட்டுமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 வரை அந்தச் சொல் பதிவேட்டில் இருந்தது, அதன்பின் 'சிங்கிள்' ஆனது. பெண்ணின் பெயருக்குப் பின் 'நே' என்று ஒரு பிரெஞ்சுச் சொல்லும் இன்னொரு பெயரும் வந்தால், அது அவர் பிறந்த வீட்டுப் பெயர், அதாவது மெய்டன் நேம். அம்மா வழியில் தேடுகிறவர்களுக்கு இந்தச் சின்னச் சொல்தான் கதவு.

'சன்-இன்-லா' கூட ஏமாற்றும். இன்றைக்கு மருமகன், சரி. ஆனால் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனையும் சன்-இன்-லா என்று எழுதியிருப்பார்கள். எட்டு வயதுப் பையனுக்கு எதிரே சன்-இன்-லா என்று இருந்தால் அவன் மருமகன் அல்ல, இன்றைய ஆங்கிலத்தில் 'ஸ்டெப்சன்'. வயதையும் சேர்த்து வாசிக்கப் பழக வேண்டும் என்பது இதனால்தான்.

இந்த ஆராய்ச்சிக்கே 'ஜீனியாலஜி' என்று பெயர். பயாலஜி, ஜியாலஜி மாதிரி நினைத்துக்கொண்டு லாஜிக்கு முன்னால் 'ஓ' எழுத்தைப் போடுகிறார்கள், அங்கே வருவது 'ஏ'. நமக்கு மேலே இருப்பவர்கள் 'ஆன்செஸ்டர்ஸ்', கீழே இருப்பவர்கள் 'டிசென்டன்ட்ஸ்'. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது நான் அதிகம் பார்க்கும் பிழை.

ஒரே ஒரு அஞ்சலட்டை

போர்க்காலச் சொற்களைத் தொடங்க எனக்குத் தெரிந்து மிக நல்ல இடம் ஒரு அட்டை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கு அச்சடித்துக் கொடுத்த 'ஃபீல்ட் சர்வீஸ் போஸ்ட் கார்ட்'. ஒரு பக்கம் முகவரி. மறுபக்கம் ஏற்கெனவே அச்சான வாக்கியங்கள். வேண்டாததை அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் போட்டு அனுப்ப வேண்டும். வேறு எதையாவது எழுதிச் சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்று மேலேயே அச்சிட்டிருக்கும்.

முதல் வரி, 'ஐ ஆம் க்வைட் வெல்'. நன்றாக இருக்கிறேன். இங்கே க்வைட் என்றால் 'ஓரளவு' அல்ல, 'முற்றிலும்'. அடுத்த வரி, 'ஐ ஹேவ் பீன் அட்மிட்டட் இன்டு ஹாஸ்பிட்டல்'. அதற்குக் கீழே இரண்டு சொற்கள், 'சிக்', 'வூண்டட்'. ஒன்றை அடிக்க வேண்டும். நோயா, ஆயுதக் காயமா? வூண்டட் என்பது எதிரியின் ஆயுதத்தால் வந்த காயம். விபத்தில் கை உடைந்தால் 'இன்ஜர்ட்'. பேச்சில் இரண்டையும் காயம் என்றுதான் சொல்வோம், ராணுவப் பதிவில் இரண்டும் வேறு வேறு. உச்சரிப்பையும் கவனியுங்கள், காயம் என்றால் 'வூண்ட்'. அதே எழுத்துகளை 'வவுண்ட்' என்று சொன்னால் சுற்றினான், முறுக்கினான் என்று ஆகிவிடும்.

பக்கத்திலேயே 'அண்ட் ஆம் கோயிங் ஆன் வெல்', அதற்குக் கீழே 'அண்ட் ஹோப் டு பி டிஸ்சார்ஜ்ட் சூன்'. முதலாவது, தேறி வருகிறேன். இரண்டாவதில் டிஸ்சார்ஜ் என்பது மருத்துவமனையிலிருந்து வெளியே வருவது. ஆனால் அதே மனிதரின் ராணுவக் கோப்பில் டிஸ்சார்ஜ்ட் என்று முத்திரை இருந்தால் அவர் படையிலிருந்தே விடுவிக்கப்பட்டார் என்று பொருள், துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது வந்தால் வெடித்தது என்று பொருள். ஒரு சொல், மூன்று வாசல். எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதுதான் வாசலைக் காட்டும்.

இன்னொரு வரியில் 'ஐ ஆம் பீயிங் சென்ட் டவுன் டு த பேஸ்' என்று இருக்கும். போர்முனைக்குப் பின்னால் இருக்கும் தளத்துக்கு அனுப்பப்படுகிறேன் என்பது அதன் பொருள். கடைசிப் பகுதியில் வந்து சேர்ந்தது கடிதமா, தந்தியா, பொட்டலமா என்று குறிக்கும் வரியும், 'உன்னிடமிருந்து வெகு நாளாகக் கடிதம் இல்லை' என்ற வாக்கியமும் அச்சாகி இருக்கும். அந்த வரியை மட்டும் அடிக்காமல் விட்டு அனுப்பிய அட்டையை நினைத்துப் பாருங்கள். சொந்தமாக ஒரு சொல்கூட எழுத அனுமதி இல்லை, ஆனால் மனம் தெரிந்துவிடும். ஆங்கிலம் கற்பவருக்கு இந்த அட்டை ஒரு வரம். பத்துப் பன்னிரண்டு வரிகளில் பிரசன்ட் பர்ஃபெக்ட், பாசிவ் வாய்ஸ் எல்லாம் உயிரோடு இருக்கும். அருங்காட்சியகத் தளங்கள் பலவற்றில் இந்த அட்டையின் படம் கிடைக்கும், ஒன்றை எடுத்துவைத்து, நீங்களே ஒருவராக நினைத்து வரிகளை அடித்துப் பாருங்கள்.

செய்தி வருகிற விதம்

அட்டை நின்றுபோனால் வேறு தாள் வரும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் குடும்பத்துக்குத் தந்தி போனது, சாதாரணச் சிப்பாய்களின் குடும்பத்துக்குத் தபாலில் ஒரு அச்சடித்த படிவம் போனது. 'இட் ஈஸ் மை பெயின்ஃபுல் டியூட்டி டு இன்ஃபார்ம் யூ' என்று அது தொடங்கும். தந்திகளில் 'டீப்லி ரிகிரெட்' என்று பார்க்கலாம். இரண்டுமே யாருக்கு வரும் என்றால் 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்று பதிவாகியிருப்பவருக்கு. கின் என்றால் ரத்த உறவு, நெக்ஸ்ட் என்பது 'அடுத்த' அல்ல, 'மிக நெருங்கிய' என்ற பழைய பொருளில் வருகிறது. மணமாகாதவருக்குப் பெரும்பாலும் அப்பா அல்லது அம்மா, மணமானவருக்கு மனைவி. ஒரு வீரரின் அம்மா பெயர் தெரியாமல் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் இதுதான்.

இப்போது அந்தச் சொற்கள். 'கில்ட் இன் ஆக்ஷன்' என்றால் சண்டையில், அந்த இடத்திலேயே இறந்தார். 'டைட் ஆஃப் வூண்ட்ஸ்' என்றால் காயம்பட்டு, மருத்துவ உதவி கிடைக்கும் இடம்வரை கொண்டுவரப்பட்டு, பிறகு இறந்தார். ஒரு மணி நேரமோ ஒரு மாதமோ, இடையில் அவர் உயிரோடு இருந்தார், ஒரு செவிலி அவர் பக்கத்தில் இருந்திருக்கலாம், கடைசியாக ஒரு கடிதம் சொல்லி எழுத வைத்திருக்கலாம். வீட்டாருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது! வெறும் 'டைட்' என்று மட்டும் இருந்தால் நோய் அல்லது விபத்து. 'டைட் அட் ஹோம்' என்று பார்த்தால் வீட்டுக் கட்டிலில் இறந்தார் என்று எழுதிவிடாதீர்கள், பிரிட்டிஷ் ராணுவப் பதிவில் ஹோம் என்பது பிரிட்டன், அதாவது வெளிநாட்டுப் போர்க்களத்தில் அல்ல.

'மிஸ்ஸிங்' என்பது இறந்தவர் என்று பொருள்படாது. ஆள் கணக்கெடுக்கும்போது இல்லை, அவ்வளவுதான் தெரியும். கைதியாகியிருக்கலாம், வேறொரு படைப்பிரிவின் மருத்துவமனையில் பெயர் தெரியாமல் கிடக்கலாம், மண்ணுக்கடியில் இருக்கலாம். மாதங்கள் கழித்து அதே பெயருக்கு எதிரே 'பிரிஸ்யூம்ட் டெட்' என்று வரும், இறந்ததாகக் கொள்ளப்படுகிறார் என்று. நிரூபணம் கிடைத்துவிட்டது என்பதல்ல அதன் பொருள், காத்திருக்கும் காலம் முடிந்தது என்பதே. பென்ஷன் முதலிய காரியங்கள் அதற்குப் பிறகுதான் நகரும். 'வாஸ் ரிப்போர்ட்டட் மிஸ்ஸிங்' என்ற வாக்கிய அமைப்பைப் பழகிக்கொள்ளுங்கள், காணாமல் போனதாகத் தெரிவிக்கப்பட்டார் என்ற எச்சரிக்கையான வாக்கியம் அது. ஒருவர் கைதியாக இருப்பது தெரியவந்தால் 'பிரிசனர் ஆஃப் வார்' என்று பதிவு மாறும். போரில் சம்பந்தப்படாத பொதுமக்களை, எதிரி நாட்டவர் என்பதற்காக அடைத்துவைத்தால் அவர்கள் பிரிசனர் அல்ல, 'இன்டர்னீ'.

அடுத்து 'கேஷுவல்ட்டி'. இந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்தால் பாதிப் பிழை போய்விடும். இறந்தவர் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ராணுவக் கணக்கில் கேஷுவல்ட்டி என்றால் இனி சண்டைக்கு இல்லை என்று ஆனவர் எல்லோரும்: இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர். 1916 ஜூலை 1, பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாள், பிரிட்டிஷ் கேஷுவல்ட்டி 57,470. அதில் இறந்தவர்கள் 19,240. ஒரே நாளில் அந்த எண்ணிக்கையே தாங்க முடியாதது, அதை மூன்று மடங்காக்கித் தவறாக எழுத வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிராக, கணக்கே சொல்லாமல் மெல்லச் சொல்லும் சொற்களும் உண்டு. 'ஃபெல்' என்றால் விழுந்தார் அல்ல, களத்தில் இறந்தார், அதனால்தான் இறந்த வீரர்கள் 'த ஃபாலன்'. 'லாஸ்ட் அட் சீ' கடலில் மாண்டவர். ஒரு அம்மா 'ஐ லாஸ்ட் மை சன் இன் த வார்' என்று சொன்னால் அவர் மகனைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. பதிவேட்டுச் சொல்லையும் வீட்டுச் சொல்லையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள், இரண்டும் ஒரே நோட்டுப் பக்கத்தில் எதிரெதிரே இருந்தால் நல்லது.

சீருடை போட்ட சாதாரணச் சொற்கள்

ஷெல் என்றால் சிப்பி, ஓடு. போரில் பீரங்கிக் குண்டு, அதிலிருந்துதான் 'ஷெல் ஷாக்', போர்முனையில் இருந்தவர்களுக்கு வந்த மனப் பாதிப்பு. பிரைவேட் என்றால் தனிப்பட்ட. போரில் கடைநிலைச் சிப்பாய், ஆனால் பீரங்கிப் படையில் அவரே 'கன்னர்', பொறியாளர் படையில் 'சேப்பர்', இந்தியப் படையில் 'சீபாய்', நம் சிப்பாய்தான் அது. கம்பெனி வியாபார நிறுவனம் அல்ல, படைப்பிரிவு. மேகசின் தோட்டாக் கூடு, அல்லது வெடிமருந்துக் கிடங்கு. 'தியேட்டர் ஆஃப் வார்' போர் நடக்கும் நிலப்பரப்பு. 'எங்கேஜ்மென்ட்' மோதல். 'ஆன் லீவ்' விடுப்பில் ஊர் வந்திருக்கிறார். 'டெக்கரேட்டட்' அலங்கரிக்கப்பட்டவர் அல்ல, பதக்கம் பெற்றவர். பதக்கம் கிடைக்காவிட்டாலும் தளபதியின் அறிக்கையில் பெயர் வந்தால் 'மென்ஷன்ட் இன் டிஸ்பாட்சஸ்', அது கோப்பில் தனியாகக் குறிக்கப்படும் பெருமை.

சேர்ந்த விதத்துக்கும் சொற்கள் உண்டு. தானாகப் போனவர் 'வாலன்டியர்', 'என்லிஸ்ட்' செய்தார். சட்டம் அழைத்துப் போனவர் 'கான்ஸ்கிரிப்ட்'. பிரிட்டனில் 1916இல்தான் கட்டாயச் சேர்ப்புச் சட்டம் வந்தது, ஆகவே 1914இல் சேர்ந்தவரைக் கான்ஸ்கிரிப்ட் என்று எழுதினால் பிழை. மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மறுத்தவர் 'கான்ஷியன்ஷியஸ் அப்ஜெக்டர்'. அப்படி ஒருவர் வீட்டில் இருந்திருந்தால் அவர் கதையையும் அதே மரியாதையோடு எழுதுங்கள், அந்தக் காலத்தில் அதற்குச் சிறையும் இருந்தது.

சிப்பாய்கள் பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் பிடித்த சொல் 'ப்ளைட்டி'. பிரிட்டனுக்குச் செல்லப் பெயர். இந்துஸ்தானியின் 'விலாயத்தி' என்ற சொல்லை, அந்நியத் தேசத்தது என்ற பொருளில் இருந்ததை, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் ஊருக்கே பெயராக்கினார்கள். 'ப்ளைட்டி வூண்ட்' என்றால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஊருக்கு அனுப்பிவைக்கும் அளவுக்குக் காயம். கடிதத்தில் ஒருவர் அதைச் சந்தோஷமாக எழுதியிருந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரில் வீட்டில் இருந்தவர்களின் வாழ்க்கை 'ஹோம் ஃப்ரன்ட்'. பாட்டிகள் சொல்லும் கதைகளில் பெரும்பாதி இங்கேதான் நடக்கும். 1939 செப்டம்பர் முதல் நாட்களில் மட்டும் ஏறக்குறைய 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், பிரிட்டிஷ் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் 'இவாக்யூயீ'. அரசு ஏற்பாட்டில், திரும்பி வரும் எண்ணத்தோடு பாதுகாப்பான இடத்துக்குப் போனவர்கள். 'ரெஃப்யூஜி' அடைக்கலம் தேடி வந்த அகதி. குழந்தை முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தங்கவைக்கப்பட்டது 'பில்லட்', பில் அல்ல, புல்லட்டும் அல்ல. 'ரேஷன் புக்' காட்டி உணவு வாங்கும் முறை 1940 ஜனவரியில் தொடங்கியது, இறைச்சிக் கட்டுப்பாடு 1954 ஜூலையில்தான் நீங்கியது, போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. 'பிளாக்அவுட்' ஜன்னல் வழியே ஒரு கீற்று வெளிச்சமும் போகாமல் மறைப்பது. சைரன் முடிந்து ஆபத்து நீங்கியது என்று ஒலிப்பது 'ஆல் க்ளியர்'. 'ப்ளிட்ஸ்' என்றால் 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை பிரிட்டன் மீது ஜெர்மனி நடத்திய குண்டுவீச்சு, மின்னல் என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்.

ப்ளிட்ஸ் குடும்ப வரலாற்றையும் எரித்தது, நிஜமாகவே. லண்டனில் ராணுவக் கிடங்கு ஒன்றில் 1940 செப்டம்பரில் குண்டு விழுந்து, முதல் போர்ச் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் அழிந்தன. மிஞ்சியவற்றுக்கு 'பர்ன்ட் டாக்குமென்ட்ஸ்' என்றே பெயர். அதனால் தேடும்போது 'டேமேஜ்ட்', 'இன்கம்ப்ளீட்', 'இல்லெஜிபிள்' என்ற குறிப்புகள் வரும். கடைசிச் சொல், எழுத்தை வாசிக்க முடியவில்லை என்பது. கோப்பு கிடைக்கவில்லை என்றால் அவர் படையில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

முடிவுக்கும் சொற்கள் வேறு வேறு. 'சீஸ்ஃபயர்' சுடுவதை நிறுத்துவது. 'ஆர்மிஸ்டிஸ்' சண்டையை நிறுத்த இரு தரப்பும் போடும் ஒப்பந்தம். 'சரண்டர்' சரணடைவது. 'ட்ரீட்டி' சமாதான உடன்படிக்கை. 1918 நவம்பர் 11 ஆர்மிஸ்டிஸ், வெர்சாய் ட்ரீட்டி 1919 ஜூன் 28. சில நினைவுச் சின்னங்களில் 1914–1919 என்று செதுக்கியிருப்பது தவறு அல்ல, அவர்கள் உடன்படிக்கையை முடிவாக எடுத்துக்கொண்டார்கள். சின்ன இலக்கணம் ஒன்று: 'த ஃபர்ஸ்ட் வேர்ல்ட் வார்' என்று சொன்னால் 'த' வேண்டும், 'வேர்ல்ட் வார் ஒன்' என்றால் வேண்டாம்.

வீட்டுப் பெரியவரிடம் ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருந்தால், அல்லது கேட்டதை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால், கனமான சொற்களைவிட இரண்டு சொல் சேர்ந்த வினைகள்தான் உதவும். போர் மூண்டது 'ப்ரோக் அவுட்'. படைக்கு அழைக்கப்பட்டார் 'வாஸ் கால்ட் அப்'. தானாகச் சேர்ந்தார் 'ஜாயின்ட் அப்'. பாட்டியிடம் வளர்ந்தான் 'வாஸ் ப்ராட் அப் பை ஹிஸ் கிராண்ட்மதர்'. சாடையில் அப்பாவைக் கொண்டிருக்கிறான் 'டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர்'. பதக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது 'வாஸ் ஹேண்டட் டவுன்', அப்படி வரும் பொருள் 'ஏர்லூம்', முதல் எழுத்து ஒலிக்காது.

ஒலி பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'கர்னல்' என்பதை எழுத்துப்படி 'கலோனல்' என்று வாசிக்காதீர்கள். படைப்பிரிவைக் குறிக்கும் 'கோர்' என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளும் ஒலிக்காது, ஒலித்தால் பிணம் என்று காதில் விழும், அதை ஒரு வீரரின் குடும்பத்தார் முன்னால் செய்துவிடக் கூடாது. அடக்கம் செய்வது 'பெரி', கல்லறை 'டூம்'.

கடைசியாக ஒரு கல்லறைக் கல்லை வாசிப்போம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் நினைவைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது, 1917இல் தொடங்கியது. கல்லின் மேலே படைப்பிரிவின் சின்னம். அதன் கீழே 'சர்வீஸ் நம்பர்', ஒரே பெயரில் பலர் இருக்கும்போது ஆளை அடையாளம் காட்டுவது இந்த எண்தான். பிறகு பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, 'ஏஜ்' என்று வயது. 1920ஆம் ஆண்டு தேதி இருந்தாலும் சந்தேகப்படாதீர்கள், முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களை ஆணையம் கணக்கில் எடுக்கிறது.

கல்லின் அடியில் குடும்பம் கேட்டுக்கொண்ட ஒரு வரி இருக்கலாம். முதல் போருக்குப் பிறகு அதற்கு இடைவெளி உட்பட 66 எழுத்துகள்தான் அனுமதி. 66 எழுத்துக்குள் ஒரு அம்மா தன் மகனைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அங்கே அடிக்கடி வரும் சொல் 'பிலவிட்', அன்புக்குரிய. வினையாக வரும்போது 'பிலவ்ட்', மகனுக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது 'பி-லவ்-இட்' என்று மூன்று அசை.

பெயர் தெரியாதவர்களின் கல்லில் எண் இல்லை, வயது இல்லை, குடும்பத்தின் வரியும் இல்லை. 'எ சோல்ஜர் ஆஃப் த கிரேட் வார்' என்றும் அடியில் 'நோன் அன்டு காட்' என்றும் மட்டும் இருக்கும். கிரேட் வார் என்பது முதல் உலகப் போருக்கு அன்றிருந்த பெயர், அன்டு என்பது 'டு' என்பதன் பழைய வடிவம். கடவுளுக்குத் தெரிந்தவன். அந்தச் சொற்களைத் தேர்ந்துகொடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். அவருடைய மகன் ஜான் 1915இல் பிரான்ஸில் நடந்த லூஸ் போரில் மிஸ்ஸிங் என்று தெரிவிக்கப்பட்டவர்.